குமரி மாவட்ட நெடுஞ்சாலையில் ஏஐ கேமரா வந்தால் விபத்து குறையுமா?

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறேன். நெடுஞ்சாலையில் ஏஐ கேமரா, கட்டுப்பாட்டு அறை, தானாக வேகத்தை அளக்கும் கருவி என்று செய்திகளில் அடிக்கடி வருகிறது. இதனால் உண்மையிலேயே விபத்து குறையுமா, இல்லை அபராதம் வசூலிக்கத்தான் பயன்படுமா? நம்ம மாவட்டத்துக்கு இதெல்லாம் சரிப்பட்டு வருமா?

பதில்:

குறையும். ஆனால் கேமரா மாட்டியதால் மட்டும் குறையாது. எந்தச் சாலையில் எந்தக் கருவியை வைக்கிறோம், அது ஒன்றைப் பார்த்துச் சொன்ன பிறகு யார் கிளம்பிப் போகிறார்கள் என்ற இரண்டையும் பொறுத்தே பலன் கிடைக்கும். போக்குவரத்துக் கண்காணிப்புக் கருவிகளோடு வேலை செய்கிறவன் என்ற முறையில், நம் ஊர் சாலைகளையே உதாரணமாக வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். குமரி மாவட்டத்தில் நெடுஞ்சாலை என்ற ஒரே பெயரில் இரண்டு வகைச் சாலைகள் இருக்கின்றன. காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக நாகர்கோவிலுக்கு வரும் நான்கு வழிச்சாலையும், அதே காவல்கிணற்றிலிருந்து கன்னியாகுமரிக்கு இறங்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலையும் ஒரு வகை. நடுவில் தடுப்பு இருக்கிறது, பார்வைக்கு நீண்ட தூரம் தெரிகிறது, வண்டிகள் வேகமாகப் போகின்றன. நீங்கள் தினமும் போகும் 66ஆம் எண் சாலை இன்னொரு வகை. களியக்காவிளை, படந்தாலுமூடு, குழித்துறை, மார்த்தாண்டம், அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று ஊர் முடிகிற இடமே தெரியாமல் அடுத்த ஊர் தொடங்கிவிடும். வீட்டு வாசலில் இறங்கினால் நெடுஞ்சாலை. இந்தச் சாலைக்கு மாற்றாகப் போடப்படும் நான்கு வழிச்சாலைப் பணி பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போகிறது. அது முழுமையாகத் திறக்கும்வரை நீண்ட தூர லாரியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரே தாரில்தான் போயாக வேண்டும்.

நெடுஞ்சாலைத் தொழில்நுட்பம் என்று செய்திகளில் வருவதில் பெரும்பகுதி முதல் வகைச் சாலைக்காக உருவாக்கப்பட்டது. அதை அப்படியே கொண்டுவந்து மார்த்தாண்டம் சந்தை முன்னால் நட்டால் வேலைக்கு ஆகாது.

சரி, அந்த முதல் வகையில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2023 அக்டோபரில் தன் போக்குவரத்து மேலாண்மைக் கொள்கையைப் புதுப்பித்தது. அதன்படி சாலை நெடுக கிலோமீட்டருக்கு ஒரு கண்காணிப்புக் கேமரா, 10 கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் சம்பவங்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் கேமரா, 100 கிலோமீட்டருக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை என்பது திட்டம். ஹெல்மெட் போடாதது, சீட் பெல்ட் போடாதது, ஒரே பைக்கில் மூன்று பேர், எதிர்த்திசையில் வருவது, சாலையில் மாடு நிற்பது, ஆள் குறுக்கே நடப்பது என 14 வகைச் சம்பவங்களை அந்தக் கேமரா அடையாளம் காணும். இவற்றோடு வேகம் அளக்கும் கருவி, செய்தி காட்டும் எல்இடி பலகை, மழை மூடுபனி அளக்கும் சிறு வானிலைக் கருவி எல்லாம் சேரும்.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, நின்றுபோன வண்டியைக் கண்டுபிடிக்கும் வசதி. இரவில் பழுதாகி, பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நிற்கும் லாரியில் பைக்கோ காரோ பின்னால் வந்து மோதுவது நான்கு வழிச்சாலைகளில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து. கேமரா இதை எப்படிப் பிடிக்கிறது? காலியான சாலை எப்படி இருக்கும் என்று முதலில் பழகிக்கொள்கிறது. அதில் புதிதாக வரும் ஒவ்வொரு உருவத்தையும் பின்தொடர்கிறது. ஓடிக்கொண்டிருந்த உருவம் சில விநாடிகளுக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை அடிக்கிறது. அங்கிருப்பவர் படத்தைப் பார்த்து உறுதி செய்து, ரோந்து வண்டியை அனுப்பி, பின்னால் வருகிறவர்களுக்கு எல்இடி பலகையில் 'முன்னால் வண்டி நிற்கிறது, மெதுவாகச் செல்லவும்' என்று காட்ட வேண்டும்.

இதில் சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? பொய் எச்சரிக்கையில். நனைந்த தாரில் முகப்பு விளக்கு பட்டுத் தெறிக்கும் ஒளியை, நகரும் நிழலை, கண்ணாடியில் வழியும் மழைத்துளியைக்கூட அது ஒரு வண்டி என்று எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களை விட நமக்கு இது பெரிய பிரச்சினை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நம்மை நனைக்கின்றன. கன்னியாகுமரி பக்கம் உப்புக் காற்று கம்பத்தையும் இணைப்புகளையும் அரிக்கும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை வைக்கும் அளவுக்குக் காற்று. கம்பம் ஆடினால் படமும் ஆடும். வெளியூரில் சோதித்த மென்பொருளை இங்கே ஒரு முழு மழைக்காலம் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யாமல் ஏற்கக் கூடாது. இரவெல்லாம் பொய்யாக அடித்துக்கொண்டிருக்கும் எச்சரிக்கையை அறையில் இருப்பவர் ஒரு கட்டத்தில் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். நிஜ விபத்து நடக்கும் அன்றைக்கும் அப்படித்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் எத்தனை கேமரா என்று எழுதுவதோடு, எச்சரிக்கையில் எத்தனை சதவீதம் நிஜம், அடித்த எத்தனையாவது நிமிடத்தில் ரோந்து வண்டி போய்ச் சேர்ந்தது என்பதையும் எழுதி, அதன்படியே பணம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது வேகம். இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் பத்தில் ஏழு மரணங்களுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. வேகத்தைப் பற்றிப் பேசும்போது நிறுத்தும் தூரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கை அமுக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்தால், காய்ந்த சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க ஏறக்குறைய 25 மீட்டர் வேண்டும். 60இல் 45 மீட்டர். 80இல் 70 மீட்டர். மழையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கே 60 மீட்டர் ஆகிவிடும். சுங்கான்கடையிலோ வில்லுக்குறியிலோ ஒரு கடைக்கு முன்னால் நின்று, 60 மீட்டர் தூரத்துக்குள் எத்தனை பேர் சாலையைக் கடக்கிறார்கள் என்று பாருங்கள். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

வேகக் கேமரா என்றால் நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். கம்பம் தெரிந்ததும் பிரேக், தாண்டியதும் ஆக்ஸிலேட்டர். இதற்கு நல்ல மாற்று, சராசரி வேகத்தை அளப்பது. ஒரு முனையில் ஒரு கேமரா எண் பலகையைப் படித்து நேரத்தைக் குறித்துக்கொள்கிறது; சில கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று அதே எண்ணைப் படிக்கிறது. நடுவில் எடுத்துக்கொண்ட நேரம் குறைவாக இருந்தால் வேகம் அதிகம். ஒரு இடத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக இருந்து தப்ப முடியாது. இத்தாலியின் நெடுஞ்சாலைகளில் 2005 முதல் இந்த முறை இருக்கிறது. நம் நாட்டில் 2024 ஜூலையில் மும்பை–புனே விரைவுச்சாலையில் தொடங்கிய கண்காணிப்புத் திட்டத்திலும் இது உண்டு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கெல்லாம் உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயம் என்பதால் கேமராவுக்கு எண்ணைப் படிப்பதும் எளிதாகிவிட்டது. ஆரல்வாய்மொழிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே, குறுக்குச் சாலை குறைவான பகுதியில் இதை வைத்தால் நல்ல பலன் கிடைக்கும். 66ஆம் எண் சாலையில் அவ்வளவாக உதவாது. அங்கே பாதி வண்டி நடுவழியிலேயே பக்கத்துச் சாலைக்குத் திரும்பிவிடும்.

அப்படியானால் உங்கள் சாலைக்கு என்ன? எனக்குத் தெரிந்தவரை மூன்று விஷயங்கள் பொருந்தும்.

ஒன்று, குறுக்குச் சாலை எச்சரிக்கை. நியூசிலாந்தில் 2012 முதல் சோதித்துப் பயன்படுத்தும் முறை இது. கிளைச் சாலையிலிருந்து ஒரு வண்டி நெருங்கினால் அங்கிருக்கும் உணர்கருவி (சென்சார்) அதைக் கண்டுபிடித்து, பிரதான சாலையில் வருகிறவருக்கு முன்னாலேயே ஒளிரும் பலகையில் குறைந்த வேக வரம்பைக் காட்டும். யாரும் வராவிட்டால் பலகை அணைந்திருக்கும். எப்போதும் எரியும் மஞ்சள் விளக்கை நாம் கவனிப்பதே இல்லை. தேவைப்படும்போது மட்டும் எரிவதைக் கவனிப்போம். தென்னந்தோப்புக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவிலிருந்து திடீரென்று வந்து ஏறும் கிளைச் சாலைகள் நிறைந்த நம் மாவட்டத்துக்கு இது மிகவும் பொருந்தும் கருவி. செலவும் பெரிதல்ல, அபராதமும் இல்லை.

இரண்டு, வண்டிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல். இதற்காக எங்கோ போக வேண்டாம். வண்டிகள் வரிசையில் வராத, பைக்கும் பஸ்ஸும் ஆட்டோவும் கலந்து வரும் நம் சாலைகளுக்காகவே திருவனந்தபுரத்திலுள்ள மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் 'கோசிகாஸ்ட்' என்ற சிக்னல் முறையை உருவாக்கியிருக்கிறது. நாகர்கோவில் வடசேரி, தக்கலை போன்ற இடங்களில் சந்திப்புகளை ஒன்றோடொன்று இணைத்து இதை ஓட்டலாம். ஒரு நிபந்தனை: சாலையைக் கடக்கும் மனிதருக்கும் அதில் நேரம் ஒதுக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்த பிறகு வெளியூர் வண்டிகள் மேலே போய்விடுகின்றன. ஆனால் சந்தைக்கு வருகிறவர் கீழேதான் கடக்கிறார். வண்டி சீக்கிரம் போவதை மட்டும் இலக்காக வைத்த சிக்னல், வயதான அம்மாவை நடுவிலேயே நிறுத்திவிடும்.

மூன்று, நாட்காட்டி. கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் எந்த மென்பொருளும் தானாகத் தெரிந்துகொள்ளாத விஷயம். மகா சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் நடக்கும்போது, முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்களுக்கு, கையில் விசிறியோடு 'கோவிந்தா கோபாலா' என்று சொல்லிக்கொண்டு பக்தர்கள் இரவெல்லாம் சாலையில் ஓடுகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போய்விட்டு அப்படியே கன்னியாகுமரிக்கு வரும் வேன்களின் ஓட்டுநர்கள் பலர் தூக்கமில்லாமல் ஓட்டுகிறார்கள். டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை. இவை தவிர தினமும் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகும் தொழிலாளிகள், குளச்சல் பக்கமிருந்து மீன் ஏற்றிக்கொண்டு பைக்கில் விரையும் வியாபாரிகள். எல்இடி பலகையின் செய்தி, வேக வரம்பு, ரோந்து வண்டி நிற்கும் இடம் எல்லாம் இந்த நாட்களையும் நேரங்களையும் அனுசரித்து மாற வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் உள்ளூர் ஆட்கள் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

லாரிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. கல், ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் டாரஸ் எனப்படும் பெரிய லாரிகளைப் பார்த்து இங்கே பயப்படாத பைக்காரர் இல்லை. அளவுக்கு மீறி ஏற்றிய லாரிக்கு நிற்க அதிக தூரம் வேண்டும், டயர் வெடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது, சாலையும் சீக்கிரம் குழிவிழுகிறது. அந்தக் குழியில் விழுவது நீங்களும் நானும். ஓடும்போதே எடையை அளக்கும் கருவி இருக்கிறது. தாரில் பதித்த உணர்கருவியின் மேல் ஒவ்வொரு அச்சும் ஏறிப் போகும்போது எடை பதிவாகும். பல சுங்கச்சாவடிகளில் ஏற்கெனவே இருப்பதுதான். ஆரல்வாய்மொழி, களியக்காவிளை சோதனைச் சாவடிகளுக்கு முன்னால் இதை எண் பலகைக் கேமராவோடு சேர்த்து வைத்தால் ஒவ்வொரு லாரியையும் நிறுத்த வேண்டியதில்லை. பாரம் கூடியதை மட்டும் ஓரம்கட்டினால் போதும். பதிவு கணினியில் இருப்பதால் சாவடியில் பேசித் தீர்த்துக்கொள்ளவும் முடியாது. குமரியில் ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் இதற்குத்தான் கொடுப்பேன்.

அபராதம்தான் நோக்கமா என்று கேட்டீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். கேரளாவில் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்கள் அபராதம் விதிக்கத் தொடங்கின. அதில் 675 ஏஐ கேமராக்கள். களியக்காவிளையைத் தாண்டுமுன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டுகிற நம்மவர்கள் நிறைய உண்டு. அதுவே இந்தக் கேமரா வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. 2022இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் நாடு முழுக்க 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். ஹெல்மெட்டுக்கான அபராதத்தை வசூல் வேட்டை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதே நேரம் சட்டம் உங்களுக்கும் சில உரிமைகளைக் கொடுத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 136ஏ பிரிவுதான் மின்னணுக் கண்காணிப்புக்கு அடிப்படை. அதற்கான விதி 167ஏ 2021 ஆகஸ்டில் வந்தது. அதன்படி கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்ற எச்சரிக்கைப் பலகை அதற்கு முன்னாலேயே வைக்கப்பட்டிருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு வர வேண்டும். எண் பலகை, இடம், தேதி, நேரம் எல்லாம் தெரியும் படம் அதில் இருக்க வேண்டும். இவற்றில் ஏதாவது இல்லாத சலான் வந்தால் எதிர்த்துக் கேளுங்கள். அப்புறம், அதே சட்டத்தின் 198ஏ பிரிவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ விதிகளைப் பின்பற்றாததால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கேமரா ஓட்டுநரின் தவறைப் பார்ப்பதுபோல் எரியாத தெருவிளக்கையும் மூடாத குழியையும் பார்க்கட்டும். மென்பொருளுக்கு அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. யாரும் கேட்பதில்லை, அதனால் செய்வதில்லை.

இதுவரை சொன்னதைவிட அடிப்படையான ஒன்று, விபத்துப் பதிவு. சென்னை ஐஐடியும் தேசிய தகவல் மையமும் சேர்ந்து உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் முதலில் தொடங்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடத்திலேயே காவலர் செல்பேசிச் செயலியில் பதிவு செய்கிறார். இடம் தானாகக் குறிக்கப்படுகிறது. பிறகு நெடுஞ்சாலைப் பொறியாளர், போக்குவரத்து அலுவலர், மருத்துவமனை என்று ஒவ்வொருவரும் தங்கள் பங்கைச் சேர்க்க வேண்டும். 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ படுகாயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து நடந்தாலோ, பத்துப் பேர் இறந்தாலோ அது கரும்புள்ளி என்று அறிவிக்கப்படும்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. ஒரு இடம் கரும்புள்ளி என்று பட்டியலில் ஏற அத்தனை பேர் அடிபட வேண்டியிருக்கிறது. நாக்பூரில் 2021இல் தொடங்கிய 'ஐராஸ்டே' திட்டம் இதற்கு வேறு வழி காட்டியது. நகரப் பேருந்துகளில் மோதல் எச்சரிக்கைக் கருவி பொருத்தினார்கள். முன்னால் போகும் வண்டியையோ நடப்பவரையோ ஆபத்தான அளவுக்கு நெருங்கினால் ஓட்டுநருக்கு ஒலி கேட்கும். அந்த எச்சரிக்கை எந்த இடத்தில் அடித்தது என்பதும் பதிவாகும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால், அங்கே விபத்து நடக்கும் முன்பே சாலையைத் திருத்தலாம். நாகர்கோவில் ராணித்தோட்டம் பணிமனையிலிருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை போகும் அரசுப் பேருந்துகள் சிலவற்றில் இதைப் பொருத்தினாலே ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இந்தச் சாலையின் ஆபத்தான இடங்கள் வரைபடமாகக் கிடைத்துவிடும். நம் ஓட்டுநர்களுக்கு அந்த இடங்கள் ஏற்கெனவே மனப்பாடம். காகிதத்தில் இருந்தால்தான் பணம் ஒதுக்குவார்கள்.

விபத்து நடந்த பிறகு என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவருக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும். அவர் எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. எல்லையோரத்தில் அடிபட்டவரைத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இங்கே வழக்கம். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம் நாடு முழுக்க, பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில், ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ரொக்கமில்லாச் சிகிச்சை தருகிறது. உதவி செய்கிறவரை அவர் விருப்பமில்லாமல் சாட்சியாக இழுக்கக் கூடாது என்பதும் சட்டமே, 134ஏ பிரிவு. அதனால் தயங்காமல் நிறுத்துங்கள்.

நீங்களாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை அறிவிக்கப்பட்ட கரும்புள்ளிகள் எவை, ஒவ்வொன்றிலும் என்ன திருத்தம் செய்யப்பட்டது, எந்தத் தேதியில் முடிந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். கேள்வியைத் தனித்தனி எண் போட்டு எழுதுங்கள். தேதி கேட்காவிட்டால் 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.